கஞ்சா விதையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தாவர நலச் சான்றிதழ்: வயலிலிருந்து எல்லை வரை ஒரு முழு வழிகாட்டி

"பைட்டோ எங்கே வாங்கலாம்?" கஞ்சா விதையை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அந்த 'வாங்கலாம்' என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் எனப்படும் தாவர நலச் சான்றிதழின் தலைப்பகுதியைப் பாருங்கள். மேலே அனுப்பும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அமைப்பின் பெயர் இருக்கும். அதன் கீழே, கடிதத்தில் 'பெறுநர்' என்று எழுதும் இடத்தில், இறக்குமதி செய்யும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அமைப்பின் பெயர் இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் உள்ளே ஏதோ ஒரு கட்டத்தில் வரும் விவரங்கள், அவ்வளவுதான். ஓர் அரசு இன்னோர் அரசுக்கு ஒரு குறிப்பிட்ட சரக்கைப் பற்றி எழுதும் கடிதம் இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் விதிகளில் பாதி தாமாகவே புரிந்துவிடும். தனியார் ஆய்வகம் ஏன் இதைத் தர முடியாது, போன மாதச் சரக்குக்கு வாங்கிய தாளை இந்த மாதச் சரக்கோடு ஏன் அனுப்ப முடியாது, ஓர் எழுத்தை நாமே திருத்தினாலும் தாள் முழுவதும் ஏன் செல்லாமல் போகிறது என்பதெல்லாம் அதிலிருந்தே வருகிறது.

இந்த ஏற்பாட்டின் அடித்தளம் 1951-ல் உருவான சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை. சுருக்கமாக ஐபிபிசி. ஐநாவின் உணவு வேளாண் அமைப்பின் கீழ் இயங்கும் இதில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. சான்றிதழின் வடிவம், வாசகம், அதை யார் தரலாம் என்பதெல்லாம் இதன் தரநிலைகளில் இருக்கின்றன. ஐஎஸ்பிஎம் என்ற பெயரோடு ஓர் எண்ணும் சேர்த்து அவற்றைக் குறிப்பார்கள். நமக்கு முக்கியமானவை மூன்று: சான்றிதழைப் பற்றிய ஐஎஸ்பிஎம் 12, சான்றளிக்கும் அமைப்பைப் பற்றிய ஐஎஸ்பிஎம் 7, விதைகளின் சர்வதேசப் போக்குவரத்துக்கென்றே 2017-ல் ஏற்கப்பட்ட ஐஎஸ்பிஎம் 38. விதைத் தொழிலில் இருப்பவர் இந்த மூன்றாவதை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. போதைப்பொருள் மிகக் குறைவான கஞ்சா ரகங்களை ஹெம்ப் என்பார்கள். தமிழில் அதைச் சிலர் சணல் என்று எழுதுகிறார்கள். நமக்குச் சணல் என்றதும் கோணிப்பைதான் நினைவுக்கு வரும். அது கார்கோரஸ் என்ற முற்றிலும் வேறு செடி. இங்கே பேசுவது கன்னாபிஸ் சடைவா. ஹெம்ப், மருத்துவக் கஞ்சா எல்லாமே தாவரவியலில் இந்த ஒரே இனம். பேச்சில் எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை. விண்ணப்பத்தில் தாவரவியல் பெயரைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

படி 1: இரண்டு கதவுகளும் திறந்திருக்கின்றனவா?

ஒரு கஞ்சா விதைப் பொட்டலம் இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒன்று போதைப்பொருள் சட்டம், மற்றது தாவர நலச் சட்டம். இரண்டுக்கும் வெவ்வேறு அலுவலகங்கள், வெவ்வேறு கவலைகள். தாவர நல அதிகாரி பார்ப்பது பூச்சி, பூஞ்சை, களைவிதை. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சியின் அளவு அவர் வேலையே இல்லை. பைட்டோ கையில் இருப்பதால் விதை சட்டப்படியானதாகிவிடும் என்று நினைப்பது இந்தத் துறையில் மிகப் பரவலான, விலை அதிகமான தவறு.

1961-ஆம் ஆண்டின் போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை கஞ்சா என்பதைச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள் என்று வரையறுக்கிறது. நுனிகளோடு சேராத விதையையும் இலையையும் அந்த வரையறை விலக்கிவிடுகிறது. ஆகவே சர்வதேச அளவில் வெறும் விதை கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தை இதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம், பல நாடுகள் வைத்தும் இருக்கின்றன.

சில உதாரணங்களைப் பார்த்தால் வேறுபாடு எவ்வளவு என்று தெரியும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படியானது. ஆனாலும் முளைக்கும் விதையை நாட்டுக்குள் கொண்டுவரவோ வெளியே அனுப்பவோ மருத்துவம், அறிவியல், தொழில்துறை ஹெம்ப் ஆகிய காரணங்களுக்கு மட்டுமே, ஹெல்த் கனடாவின் அனுமதியோடுதான் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விதைப்புக்கான ஹெம்ப் விதையோடு, அந்த ரகத்தின் டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாது என்பதற்கான ஆதாரம் வர வேண்டும். 2023-க்கு முன் இந்த வரம்பு 0.2 ஆக இருந்தது. ஜப்பான் முளைக்கும் திறனை அழித்துவிட்டதற்கான அத்தாட்சியைக் கேட்கிறது. அதாவது உண்ணலாம், விதைக்க முடியாது.

அமெரிக்காவின் நிலை இன்னும் வேடிக்கையானது. 2018-ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம் உலர் எடையில் 0.3 சதவீதம் வரை டெல்டா-9 டிஹெச்சி கொண்ட கஞ்சாவை, விதை உட்பட, ஹெம்ப் என்று பிரித்தது. விதையில் டிஹெச்சி ஏறக்குறைய இல்லை என்பதால், அது முளைத்து எந்த மாதிரிச் செடியாக வளர்ந்தாலும் விதை ஹெம்ப்தான் என்ற விளக்கத்தைப் போதைப்பொருள் அமலாக்கத் துறை 2022 ஜனவரியில் எழுத்தில் தந்தது. விதை வணிகம் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. 2025 நவம்பரில் கையெழுத்தான சட்டம் இந்த வாசலைச் சாத்துகிறது: மொத்த டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டும் செடியிலிருந்து வந்த முளைக்கும் விதை இனி ஹெம்ப் வரையறைக்குள் வராது, ஓராண்டு கழித்து இது நடைமுறைக்கு வரும் என்று அதில் இருக்கிறது. பழைய வலைப்பதிவு ஒன்றை நம்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டின் சட்டத்தையும் அனுப்பும் மாதத்தில் மறுபடியும் பாருங்கள். ஒரு கதவு சாத்தியிருந்தாலும் இத்தோடு நிறுத்திவிடுங்கள். கீழே உள்ள எந்தப் படியும் அதைத் திறக்காது.

படி 2: விதைப்பதற்கா, தின்பதற்கா?

ஐபிபிசி மொழியில் 'விதை' என்றால் நடுவதற்கு. உண்ணவோ எண்ணெய் ஆட்டவோ அனுப்பினால் அது 'தானியம்'. பொருள் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டுக்குமான நிபந்தனைகள் வேறு. நடப்போகும் விதை நேராக மண்ணுக்குள் போகிறது. அதோடு வரும் நோய்க்கு அங்கேயே வீடும் சாப்பாடும் கிடைத்துவிடும். அதனால் அதற்கான சோதனை கடுமையாக இருக்கும். தோல் நீக்கிய பருப்பு, எண்ணெய் போன்றவற்றுக்குப் பல நாடுகள் பைட்டோவே கேட்பதில்லை. பூச்சி நோயைக் கடத்த முடியாத அளவுக்குப் பதப்படுத்திய பொருளுக்குச் சான்றிதழ் தரக் கூடாது என்றே ஐஎஸ்பிஎம் 12 சொல்கிறது.

நிபந்தனை குறைவு என்பதற்காக விதைப்புக்கானதைத் தானியம் என்று எழுதி அனுப்புவது பொய் அறிவிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வழியும் எளிதல்ல. விதைப்புக்கல்லாத ஹெம்ப் விதையைக் கொண்டுவர அனுமதி பெற்ற இறக்குமதியாளரால்தான் முடியும், அது விதைப்புக்குப் போகவில்லை என்பதையும் அவர் நிரூபிக்க வேண்டும்.

சுங்கக் குறியீட்டையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். விதைப்புக்கான விதை என்றதும் பலர் 1209-க்குப் போகிறார்கள். சுங்கப் பட்டியலின் 12-ஆம் அத்தியாயத்துக்கான குறிப்பு எண்ணெய் விதைகளை 1209-லிருந்து விலக்குகிறது. ஹெம்ப் விதை நடுவதற்கானாலும் 1207-ன் கீழ், 1207.99-ல்தான் வரும். சான்றிதழில் ஒன்றும் இன்வாய்ஸில் வேறொன்றும் இருந்தால் எல்லையில் முதல் கேள்வி அங்கேதான் எழும்.

படி 3: பெறும் நாடு என்ன கேட்கிறது?

கடிதம் எழுதுவது உங்கள் நாட்டு அரசு என்றாலும், அதில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது எதிர்முனை அரசு. ஆகவே வாங்குபவரைத்தான் முதலில் வேலைக்கு அனுப்ப வேண்டும். அவர் தன் நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டியவை: இறக்குமதி அனுமதி தேவையா, எந்தப் பூச்சி நோய்களிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும், சான்றிதழில் சேர்க்க வேண்டிய கூடுதல் உறுதிமொழியின் சரியான வாசகம் என்ன, விதை நேர்த்தி (விதைக்குப் பூஞ்சைக்கொல்லி போன்ற மருந்திடுதல்) கட்டாயமா அல்லது தடையா, எந்தத் துறைமுகம் வழியாக வர வேண்டும், சான்றிதழ் எத்தனை நாளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கேள்வியை மறப்பவர்கள் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் சரக்கு நாட்டைவிட்டுக் கிளம்பும் நாளுக்கு 14 நாளுக்கு முன்னதாகச் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கக் கூடாது. விமானம் தள்ளிப்போனால் சான்றிதழும் காலாவதியாகும்.

அனுமதி தேவையானால் அது முதலில் வந்துசேர வேண்டும், சான்றிதழ் அதற்குப் பிறகு. அனுமதியின் நிபந்தனைகளைப் பார்த்துத்தான் ஆய்வாளர் எதைத் தேடுவது என்று முடிவு செய்வார்.

படி 4: வயல்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான நிராகரிப்புகளின் வேர் இங்கேதான். விதையை மூட்டையில் போட்ட பிறகு கண்டுபிடிக்க முடியாத விஷயங்கள் உண்டு. வைரஸ், அதைவிடச் சிறிய நோய்க்கிருமியான வைராய்டு, உள்ளே உறங்கும் பாக்டீரியா ஆகியவற்றுக்கு விதையின் மேல் எந்த அடையாளமும் இருக்காது. அதனால்தான் சில நாடுகள் "தாய்ச் செடிகள் வளரும் பருவத்தில் ஆய்வு செய்யப்பட்டு நோயற்றவை எனக் காணப்பட்டன" என்ற உறுதிமொழியைக் கேட்கின்றன. செடி அறுவடையாகிவிட்ட பிறகு அந்த வாக்கியத்தை எந்த அதிகாரியாலும் எழுத முடியாது. அடுத்த பருவம்தான். எந்த நாட்டுக்கு விற்கப்போகிறோம் என்று தெரியாத நிலையிலும், விற்கக்கூடிய நாடுகளின் நிபந்தனைகளைத் திரட்டி, வயல் ஆய்வைப் பருவத்திலேயே முடித்து அலுவலகக் கோப்பில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். விதைத் தொழிலில் இறுதி நாடு பின்னால்தான் தெரியவரும் என்பதை ஐஎஸ்பிஎம் 38-ம் ஏற்றுக்கொள்கிறது.

எவற்றைத் தேடுகிறார்கள்? பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கஞ்சாவைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் உண்டு. பூஞ்சைகளில் சாம்பல் பூசணம் உண்டாக்கும் பொட்ரைட்டிஸ், வாடல் நோய் தரும் ஃபுசேரியம் இனங்கள். பாக்டீரியாவில் சூடோமோனாஸ் சிரிஞ்சே வகையும் சாந்தோமோனாஸும். பூச்சிகளில் கிராஃபோலிட்டா டெலினியானா என்ற ஹெம்ப் துளைப்பான். இதன் புழு தண்டைத் துளைப்பதோடு விதையையும் தின்னும். இப்போது எல்லோரும் பயப்படுவது ஹாப் லேட்டன்ட் வைராய்டுக்கு. 2019-ல் கலிபோர்னியாவில் கஞ்சாச் செடிகளில் அடையாளம் காணப்பட்ட இது முக்கியமாக வெட்டுக் கருவிகள், போத்துகள் வழியே பரவுகிறது. விதை வழியாகவும் கடக்கிறது. தாய்ச் செடிகளை ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு அனுப்புவது, பெறும் நாடு கேட்காவிட்டாலும், வாங்குபவருக்குச் செய்யும் நியாயம்.

களைகளில் இரண்டு பேர் மோசம். கிளைவிடும் புரூம்ரேப் எனப்படும் ஃபெலிபாங்கி ராமோசா ஹெம்ப்பின் வேரையே உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. அதன் விதை தூசி போலிருக்கும்; ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட வராது. கஞ்சா விதையின் சுருக்கத்தில் ஒட்டிக்கொண்டால் சல்லடையில் தெரியாது. கஸ்கூட்டா, அதாவது தூத்துமக் கொத்தான் வகை, இன்னொன்று. இரண்டும் பல நாடுகளின் தடைப் பட்டியலில் இருப்பவை. வயலில் இவற்றில் ஒரு செடி தெரிந்தாலே அந்தப் பகுதியின் விதையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

படி 5: சுத்தம் செய்தலும் லாட் பிரித்தலும்

கஞ்சா விதை என்று நாம் சொல்வது தாவரவியலில் ஒரு சிறிய உலர்கனி. அதைச் சுற்றி ஒரு பூவடிச்செதில் போர்த்தியிருக்கும், அந்தச் செதில் முழுக்கப் பிசின் சுரப்பிகள். விதைக்குள் டிஹெச்சி ஏறக்குறைய இல்லை. விதையின் மேல் ஆய்வகத்தில் காணப்படுவது இந்தச் செதிலிலிருந்து ஒட்டியது. இரண்டு கதவுகள் என்று சொன்னேன் அல்லவா, அவை இரண்டும் சந்திக்கும் இடம் இதுதான். பொட்டலத்துக்குள் கிடக்கும் ஒரு செதில் துணுக்கு தாவர நல அதிகாரிக்குப் பூஞ்சையும் பூச்சிமுட்டையும் ஒளிந்திருக்கக்கூடிய தாவரக் குப்பை. சுங்க அதிகாரிக்கு அது 'நுனியோடு சேராத விதை' என்ற விலக்கையே கேள்விக்குள்ளாக்கும் பொருள். சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குச் செலவழிக்கும் பணம் இரண்டு துறைகளிடமும் பேசுகிறது.

மண் துகள் இருக்கக் கூடாது. ஒரு சிறு கட்டியானாலும் சரக்கு நிற்கும். காற்றடித்துத் தூற்றி, சல்லடையில் சலித்து, கடைசியில் நல்ல வெளிச்சத்தில் கையால் பொறுக்குவது சிறிய லாட்டுகளுக்கு இன்றும் சிறந்த வழி.

பிறகு லாட். ஒரே ரகம், ஒரே வயல், ஒரே அறுவடை, ஒரே சுத்திகரிப்பு என்றால் ஒரு எண். கலக்காதீர்கள். ஒன்றில் நோய் வந்தால் எல்லாம் போகும். அந்த எண் மூட்டையில், சோதனை அறிக்கையில், சான்றிதழில், இன்வாய்ஸில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இடையில் ஒரு கோடு விட்டுப்போனால்கூடச் சிலர் திருப்பி அனுப்புவார்கள்.

உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் காற்றுப்புகாத கலத்தில் வையுங்கள். கிடங்கில் கப்ரா வண்டு இருந்துவிட்டால் விதையின் நலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை; அந்தப் பெயரைக் கேட்டாலே பெறும் நாடு கதவைச் சாத்தும்.

படி 6: மாதிரியும் சோதனையும்

சோதனைக்கு எத்தனை விதை வேண்டும்? இது வெறும் கணக்கு. ஆயிரத்தில் ஒரு விதை நோயுற்றிருந்தால் அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்க ஏறக்குறைய 3,000 விதைகளைச் சோதிக்க வேண்டும். நூறில் ஒன்று என்றால் 300 போதும். மாதிரி எடுக்கும் முறைகளுக்கென்று ஐஎஸ்பிஎம் 31 தனியாக இருக்கிறது. ஆயிரம் விதையின் எடை 20 கிராம் என்றால் 3,000 விதை 60 கிராம். டன் கணக்கில் ஹெம்ப் அனுப்புபவருக்கு இது ஒரு கைப்பிடி. ஒரு புதிய ரகத்தின் 500 விதைகளை மட்டும் வைத்திருக்கும் வளர்ப்பாளருக்கோ, சோதனை முடிந்தால் அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அவர் தாய்ச் செடிச் சோதனை, வயல் ஆய்வு ஆகியவற்றை நாட வேண்டும், அல்லது சிறிய லாட்டுகளுக்கு மாற்று முறை உண்டா என்று பெறும் நாட்டிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அரைத்துச் செய்யும் சோதனையில் விதை திரும்பி வராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தரச் சோதனை வேறு. சர்வதேச விதைச் சோதனைச் சங்கமான இஸ்டாவின் விதிகளில் கன்னாபிஸ் சடைவாவுக்கு ஒரு லாட் அதிகபட்சம் 10,000 கிலோ, ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரி 600 கிராம், தூய்மைப் பகுப்பாய்வுக்கு 60 கிராம், முளைப்புத் திறனுக்கு 400 விதை. முளைப்புச் சான்றிதழும் பைட்டோவும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

விதை நேர்த்தி செய்வதானால் மாதிரியை அதற்கு முன் எடுத்துவிடுங்கள். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையில் சில நோய்க்கிருமிகளைச் சோதனை தவறவிடும்.

படி 7: விண்ணப்பமும் ஆய்வும்

சான்றிதழ் தரும் அதிகாரம் தேசியத் தாவரப் பாதுகாப்பு அமைப்புக்கும் அது அங்கீகரித்த அலுவலர்களுக்கும் மட்டுமே. அமெரிக்காவில் வேளாண்மைத் துறையின் ஏஃபிஸ், கனடாவில் உணவு ஆய்வு முகமையான சிஎஃப்ஐஏ. எல்லா நாட்டு அமைப்புகளின் தொடர்பும் ஐபிபிசி தளத்தில் கிடைக்கும். "ஆய்வு வேண்டாம், ஒரே நாளில் பைட்டோ அனுப்புகிறோம்" என்று இணையத்தில் யாராவது சொன்னால் அது போலித் தாள். மாட்டினால் அனுப்பியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தோடு இறக்குமதி அனுமதியின் நகல், பெறும் நாட்டின் நிபந்தனைகள், வயல் ஆய்வு அறிக்கை, ஆய்வக முடிவுகள், போதைப்பொருள் சட்டப்படி தேவையான உரிமம், லாட் பட்டியல் எல்லாவற்றையும் கொடுங்கள். நிபந்தனைகளை அதிகாரியே தேடிக்கொள்வார் என்று விடாதீர்கள். கஞ்சா விதைக்கான கோப்பு அவர் மேசைக்கு வருவதே அபூர்வமாக இருக்கலாம்.

ஆய்வு நாளில் சரக்கு முழுவதும் ஒரே இடத்தில், மூட்டைகள் எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். ஆய்வுக்குப் பிறகு ஒரு கிலோ சேர்த்தாலும் அது அந்தச் சான்றிதழுக்குள் வராது.

படி 8: தாளின் ஒவ்வொரு வரியும்

எல்லா நாட்டுச் சான்றிதழும் ஏறக்குறைய ஒரே அச்சு. வரைவைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள்.

அனுப்புபவர், பெறுபவர் பெயரும் முகவரியும் அனுமதியில் உள்ளபடியே இருக்க வேண்டும். பொட்டலங்களின் எண்ணிக்கையும் விவரமும் அடுத்து: '2 பெட்டி' என்பதைவிட 'தலா 40 உறை கொண்ட 2 அட்டைப் பெட்டி' நல்லது. அடையாளக் குறிகள் என்ற கட்டத்தில் லாட் எண். விளைந்த இடம் என்பது விதை விளைந்த நாடு; மூட்டை கட்டிய நாடு அல்ல. இந்த வரியில்தான் மறு ஏற்றுமதி செய்பவர்கள் தடுமாறுகிறார்கள். பிறகு போக்குவரத்து வகை, நுழையும் துறைமுகம், பொருளின் பெயரும் அளவும், தாவரவியல் பெயர்.

அதன் கீழே அச்சிட்ட வாசகம். மேற்கண்டவை உரிய அதிகாரபூர்வ நடைமுறைப்படி ஆய்வு செய்யப்பட்டன, இறக்குமதி நாடு குறிப்பிட்ட தடைப்பட்ட உயிரிகள் இல்லாதவை எனக் கருதப்படுகின்றன, அந்நாட்டின் தற்போதைய நிபந்தனைகளுக்கு இணங்குகின்றன என்பது அதன் சாரம். "கருதப்படுகின்றன" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வொரு விதையும் நோயற்றது என்று எந்த அரசும் சத்தியம் செய்வதில்லை.

அடுத்தது கூடுதல் உறுதிமொழி. பெறும் நாடு கேட்ட வாக்கியம் அப்படியே வர வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. கேட்காததையும் எழுதக் கூடாது. டிஹெச்சி அளவு, வங்கிக் கடன் கடித எண், உணவுப் பாதுகாப்பு போன்ற தாவர நலத்துக்குத் தொடர்பில்லாதவற்றுக்கு இந்தத் தாளில் இடமில்லை என்கிறது தரநிலை. டிஹெச்சிக்குத் தனி ஆய்வக அறிக்கையை இணையுங்கள்.

நேர்த்தி செய்திருந்தால் தேதி, மருந்து, செறிவு, கால அளவு, வெப்பநிலை. செய்யாவிட்டால் அந்தக் கட்டங்களை அடித்துவிடுவார்கள். வெற்றாக விட்டால் பின்னால் யாராவது நிரப்பலாம். இறுதியில் முத்திரை, அலுவலர் பெயர், கையெழுத்து, தேதி. எழுத்துப் பிழை தெரிந்தால் அலுவலகத்திலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து வெள்ளை மை தடவினால், அது திருத்தப்பட்ட, செல்லாத சான்றிதழ்.

படி 9: கட்டி அனுப்புதல்

வைக்கோல், உமி, உலர்ந்த இலை போன்ற எந்தத் தாவரப் பொருளையும் அடைப்பாகப் பயன்படுத்தாதீர்கள். மரப்பெட்டி, மரத்தட்டு என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான வழக்கமான அடையாளம் அது. அட்டைப்பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூலச் சான்றிதழைப் பெட்டியின் வெளிப்புறம் ஒட்டிய நீர்புகா உறையில் வையுங்கள், நகல் ஒன்றை உள்ளே வையுங்கள். சுங்கப் படிவத்தில் கன்னாபிஸ் சடைவா விதை என்றே எழுதுங்கள். மணி, பாசி, பரிசுப்பொருள் என்று எழுதி அனுப்பும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அது கடத்தல், வேறு பெயர் கிடையாது. 2020 கோடையில் அமெரிக்காவில் பலர் வீட்டுக்குக் கேட்காமலேயே விதைப் பொட்டலங்கள் வந்து, நகை என்றெல்லாம் அவற்றின் மேல் எழுதியிருந்ததும், அதன்பின் இணைய விதை விற்பனை மீது கண்காணிப்பு இறுகியதும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அனுப்புவதற்கு முன் அஞ்சல் அல்லது கூரியர் நிறுவனம் கஞ்சா விதையை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டின் சட்டம் அனுமதித்தாலும் பல நிறுவனங்கள் தம் விதிப்படி மறுக்கின்றன.

தாளுக்குப் பதில் மின்-பைட்டோவும் பரவிவருகிறது. இரண்டு அரசுகளும் ஐபிபிசி நடத்தும் மைய இணைப்பில் சேர்ந்திருந்தால், சான்றிதழ் எக்ஸ்எம்எல் கோப்பாக ஓர் அமைப்பிலிருந்து மற்றதற்கு நேரடியாகப் போய்ச் சேரும். கடிதம் என்று முதலில் சொன்னது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது. மின்னஞ்சலில் அனுப்பும் பிடிஎஃப் படம் மின்-பைட்டோ அல்ல.

படி 10: எல்லையில்

தாள்கள் சரிபார்ப்பு, சரக்கும் தாளும் பொருந்துகின்றனவா என்ற சோதனை, நேரடி ஆய்வு என்று மூன்று கட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதியாளர் டிரேசஸ் என்ற அதன் இணைய அமைப்பில் முன்னறிவிப்பும் செய்திருக்க வேண்டும். பயணப் பெட்டியில் கொண்டுபோனால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். நடுவதற்கான விதைக்கு அங்கே பயணிகளுக்கும் சலுகை இல்லை. சிறு அளவுக்குத் தனி வழி வைத்திருக்கும் நாடும் உண்டு: அமெரிக்காவின் சிறு லாட் திட்டத்தில் தகுதியுள்ள இனங்களுக்கு, உறைக்கு 50 விதை அல்லது 10 கிராம், மொத்தம் 50 உறை வரை பைட்டோ இல்லாமல் அனுமதிப் பத்திரத்தோடு கொண்டுவரலாம்.

பிரச்சினை வந்தால் பெறும் நாட்டுக்கு முன் இருக்கும் வழிகள் நேர்த்தி, திருப்பி அனுப்புதல், அழித்தல். காரணத்தை அனுப்பிய நாட்டின் அமைப்புக்குத் தெரிவிக்கவும் வேண்டும், அதற்கென்றே ஐஎஸ்பிஎம் 13 இருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலை உங்கள் நாட்டு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தக் கட்டத்தில், எந்த வரியில் தவறியது என்று அதில் இருக்கும். தாளில் உள்ள எழுத்துப் பிழையானால் புதிய சான்றிதழை அவசரமாகக் கேட்டுச் சரக்கைக் காப்பாற்றலாம். மண்ணோ உயிருள்ள பூச்சியோ என்றால் வாதாடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வேறு நாட்டில் விளைந்த விதையை வாங்கி மறுபடி அனுப்பினால்

இதற்கு மறு ஏற்றுமதிக்கான பைட்டோ என்று தனிப் படிவம். விளைந்த நாடு தந்த முதல் சான்றிதழின் மூலத்தையோ சான்றளித்த நகலையோ அதோடு இணைக்க வேண்டும். மூலச் சான்றிதழ் இல்லாமல் வாங்கிய விதைக்கு இது கிடைக்காது. வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இறுதி நாடு வளரும் பருவ ஆய்வைக் கேட்டால், அதை இடையில் இருக்கும் நாடு செய்ய முடியாது. முதல் சான்றிதழில் அது எழுதியிருந்தால்தான் உண்டு. சரக்கு பிரிக்கப்படாமல், திறக்கப்படாமல் சுங்கக் கட்டுப்பாட்டில் கடந்துபோனால் அது வெறும் இடைவழிப் பயணம், இந்தப் படிவம் தேவையில்லை. ஒரு லாட்டை மூன்றாகப் பிரித்து மூன்று நாட்டுக்கு அனுப்புவதானால் மூன்று சான்றிதழ், ஒவ்வொன்றோடும் முதல் சான்றிதழின் சான்றளித்த நகல். லாட் எண் மட்டும் மூன்றிலும் அதே பழைய எண்ணாகவே இருக்க வேண்டும்.